ஏணியும் திருகாணியும்

சேர்வராயன் மலையில் காப்பிச் செடிக்கு நிழல் தருவது பெரும்பாலும் சில்வர் ஓக். அதன்மேல் மிளகுக்கொடி. மிளகு பறிக்கணும்னா ஏணி சாய்த்து ஏறணும். அந்த உயரத்திலிருந்து விழுகிறவருக்கு முதுகு உடைந்தால், உடைகிற இடம் அநேகமாக ஒன்றுதான்: விலா எலும்புகள் பிடித்திருக்கும் மார்புப் பகுதி முடிந்து, வளைந்துகொடுக்கும் இடுப்புப் பகுதி தொடங்கும் சந்தி. ஏற்காட்டுக் கொண்டை ஊசி வளைவில் கவிழ்ந்த வண்டிக்குள் இருப்பவருக்கும் அதே இடம்தான். நேராக நசுங்கினால் சில சமயம் எலும்போடு போகும். முறுக்கிக்கொண்டால் மேல் எலும்பு கீழ் எலும்பைவிட்டுச் சறுக்கும். நடுவில் தண்டுவடம் மாட்டும்.

பழைய கிரேக்கத்தில் முதுகு வைத்தியம் ஏணியிலும் நடந்தது. கூன் விழுந்தவரை ஏணியில் கட்டி உயரத் தூக்கி, தொப்பென்று இறக்கிக் குலுக்குவார்கள். கூட்டத்தை வாய்பிளக்க வைக்கிறவர்களின் வேலை இது என்று ஹிப்போகிரட்டஸ் பேரில் உள்ள நூலே சலித்துக்கொள்கிறது.

1944-ல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில்லில் லுட்விக் குட்மன் கத்தியை நம்பவில்லை. படுக்க வைத்து, மணிக்கணக்கு வைத்துப் புரட்டி, படுக்கைப்புண்ணும் சிறுநீர்த் தொற்றும் வராமல் பார்த்துக்கொண்டார். அதிலேயே நிறைய பேர் பிழைத்தார்கள். ஷெஃபீல்டின் ஹோல்ட்ஸ்வொர்த் வேறு கட்சி: நிலைகொள்ளாத முதுகை உலோகத் தகடு வைத்து இறுக்கணும் என்றார். 1962-ல் ஹாரிங்டனின் கம்பி, 1963-ல் பாரிஸில் ராய்-கமில் போட்ட திருகாணி. இன்றைய அறுவை சிகிச்சை அந்தத் திருகாணியின் வாரிசுதான். சறுக்கிய எலும்பை அது நேராக்கும், நரம்பை நெரிப்பதை விலக்கும், சில நாளில் உட்கார வைக்கும். அறுந்த தண்டுவடத்தை மட்டும் ஒட்டவைக்காது. அதனால்தான் விழுந்தவரைக் கையும் காலும் பிடித்துத் தூக்குவது பயங்கரம்: பாதி பிழைத்திருந்த நரம்பு அந்தத் தூக்கலிலேயே போய்விடலாம். பலகையில், உடம்பு வளையாமல் கொண்டுபோகணும்.

இந்தத் திருகாணி எதுவும் இல்லாத 1954 ஜனவரியில், வேலூர் சி.எம்.சி.யின் இளம் டாக்டர் மேரி வர்கீஸ் போன வண்டி கவிழ்ந்தது. இடுப்புக்குக் கீழே உணர்வு போனது. அங்கே இருந்த பால் பிராண்ட், அதே பழைய சேலம் மாவட்டத்துக் கொல்லிமலையில் 1914-ல் பிறந்தவர். தொழுநோயாளிகளின் கை அறுவை சிகிச்சையை உட்கார்ந்தே செய்யலாமே என்றார் அவர். மேரி செய்தார், சக்கர நாற்காலியிலிருந்து. பிறகு நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துவிட்டு வந்தார். 1966-ல் வேலூரில் மறுவாழ்வு மையம் திறந்தது. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவதை அங்கே நோயாளிகள் கற்றார்கள்; அவர்களைப் பார்க்க வந்த டாக்டருக்கு அது தினசரி வேலை.