நண்பர் மறைந்தபின் கவிஞர் நினைத்தவை

1937-ஆம் ஆண்டு நவம்பர் 23-ஆம் நாள், அந்நாளில் பீகார் மாகாணத்தைச் சேர்ந்ததும் இன்று ஜார்க்கண்டு மாநிலத்தில் உள்ளதுமான கிரிடி என்னும் ஊரில் ஆசார்ய ஜகதீச சந்திர போஸ் காலமானார். இன்னும் ஒரு வாரம் இருந்திருந்தால் அவருக்கு 79 வயது நிறைந்திருக்கும். அவ்வாண்டு செப்டம்பரில் தாமே நினைவிழந்து கிடந்து பிழைத்தெழுந்திருந்த ரவீந்திரநாத தாகூருக்கு அப்பொழுது வயது 76. நாற்பது ஆண்டுச் சிநேகம் அன்றோடு முடிவுற்றது.

நாடெங்கும் போஸின் பெருமைகள் பேசப்பட்டன. சர் பட்டமும், ராயல் சங்கத்தின் அங்கத்தினர் பதவியும், அவர் நிறுவிய ஆராய்ச்சி நிலையமும் நினைவுகூரப்பட்டன. தாகூரும் எழுதினார். ஆனால் அவர் உள்ளம் சென்று நின்ற இடம் வேறு. புகழ் வந்து சேராத காலத்தில், உலகம் அறியாத ஓர் இளைஞராகக் கடினமான வழியில் போஸ் நடந்த நாட்களையே அவர் எண்ணினார். அந்நாட்களில் தாம் அவர் அருகில் இருந்ததையே பெரும்பேறாகக் கருதினார். அந்நாட்கள் எத்தகையவை என்பதை நேயர்கள் சற்று அறிந்துகொள்ளுதல் நலம்.

கல்கத்தாவின் பிரஸிடென்ஸி கல்லூரியில் 1885-இல் ஆசிரியப் பதவி ஏற்ற போஸுக்கு, இந்தியர் என்ற காரணத்தால் ஐரோப்பியருக்குரிய சம்பளம் மறுக்கப்பட்டது. குறைந்த சம்பளத்தைத் தொட மறுத்து மூன்று ஆண்டுகள் ஊதியமின்றியே அவர் பாடம் நடத்தினார். 1895-இல் கல்கத்தா நகர மண்டபத்தில், கம்பி எதுவுமின்றி மின்னலைகளைச் செலுத்தி, தொலைவில் இருந்த மணியை ஒலிக்கச் செய்தார், வெடிமருந்தையும் பற்றவைத்தார். வானொலியின் வழியே உரை கேட்டுப் பழகிய நமக்கு இது வியப்பாகத் தோன்றாது. அன்று கூடியிருந்தவர்களுக்கோ அது மாயவித்தை போலிருந்திருக்கும்.

1897-இல் ஐரோப்பியப் பயணம் முடித்துத் திரும்பிய போஸைப் பாராட்டத் தாகூர் அவர் இல்லம் சென்றாராம்; அவர் வீட்டில் இல்லாமையால் மலரை வைத்துவிட்டு வந்தாராம். பின்னர் தாகூர் பத்மா நதிக்கரையில் சிலைதஹா என்னும் ஊரில் தம் குடும்பத்தின் ஜமீன் காரியங்களைக் கவனித்து வந்தபொழுது, வார இறுதிகளில் போஸ் அங்கே வருவதுண்டு. வரும்பொழுதெல்லாம் ஒரு புதிய கதை ஆயத்தமாக இருக்க வேண்டும் என்பது அவருடைய கட்டளை. எழுதியே தீரவேண்டிய கட்டாயம் கவிஞருக்கு! பகலில் விஞ்ஞானி ஆற்றுமணலில் குழி தோண்டச் செய்து அதில் படுத்து வெயில் காய்வார். உடல் சூடேறியதும் ஆற்றில் குதிப்பார். மணலில் ஆமை முட்டைகளைக் கண்டெடுக்கும் வித்தையைக் கவிஞரின் மகன் ரதீந்திரருக்குக் கற்பித்தவரும் அவரே. பிசிராந்தையாரும் கோப்பெருஞ்சோழனும் ஒருவரையொருவர் காணாமலே நட்புப் பூண்டவர்கள் என்று நாம் படித்திருக்கிறோம். இது கண்டும் பழகியும், கேட்டும் கொடுத்தும் வளர்ந்த நட்பு.

போஸின் துணைவியார் அபலா அம்மையாரையும் இங்கே குறிப்பிடல் வேண்டும். கல்கத்தா மருத்துவக் கல்லூரி அந்நாளில் பெண்களைச் சேர்த்துக்கொள்ளாமையால், மணமாகுமுன் 1882-இல் சென்னைக்கு வந்து மருத்துவம் பயின்றவர் அவர். வெளியூரில் வாழ்வது இன்னதென்பது அவருக்குத் தெரியாததன்று.

சோதனைக் காலம் 1900-இல் தொடங்கியது. பாரிஸ் மாநாட்டிற்குச் சென்ற போஸ் அங்கிருந்து இங்கிலாந்து சேர்ந்தார். உலோகங்களும் உயிர்ப் பொருள்களும் மின்தூண்டலுக்கு ஒத்த வகையில் எதிர்வினை காட்டுகின்றன என்பது அவர் கொள்கை. 1901 ஜூனில் ராயல் சங்கத்தில் அதை எடுத்துரைத்தபொழுது உடலியல் அறிஞர்கள் எதிர்த்தனர், கட்டுரை அச்சேறவில்லை. விடுமுறை முடியும் தறுவாயில் இருந்தது. ஆராய்ச்சியைத் தொடரப் பொருளும் இல்லை. அங்கேயே பேராசிரியர் பதவி ஏற்கலாம் என்ற யோசனையும் எழுந்தது. தம் தடுமாற்றங்களையெல்லாம் போஸ் தம் நண்பருக்கே கடிதங்களில் எழுதினார்.

தாகூரின் நிலை அப்பொழுது என்ன? வியாபாரத்தில் நஷ்டப்பட்டுக் கடனில் இருந்தார். சாந்திநிகேதனத்தில் பள்ளி தொடங்கும் முயற்சி வேறு. தமக்கென்று கேட்கக் கூசியிருக்கக்கூடியவர், நண்பருக்காகத் திரிபுரா மன்னர் ராதாகிசோர மாணிக்கியரிடம் சென்று கேட்டார். மன்னர் 10,000 ரூபாய் வழங்கினார். அதோடு நில்லாமல், தாம் ஆசிரியராயிருந்த 'வங்கதர்சனம்' இதழில் போஸின் ஆராய்ச்சியை விளக்கி 1901-இல் கட்டுரைகளும் எழுதினார். போஸின் கொள்கைகளுள் சிலவற்றைப் பிற்கால விஞ்ஞானம் ஏற்றது, சிலவற்றை ஏற்கவில்லை. அவற்றை எடைபோடும் பொறுப்பு தமக்குண்டென்று தாகூர் கருதியதாகத் தோன்றவில்லை. அவர் நம்பியது மனிதரை.

போஸும் வாளா இருக்கவில்லை. தாகூரின் கதைகள் ஆங்கிலத்தில் வெளிவரவேண்டுமென்று அயல்நாட்டிலிருந்தே முயன்றார். அம்முயற்சி அன்று பலிக்கவில்லை. 1913-இல் நோபல் பரிசுச் செய்தி வந்ததும், நண்பருக்கு இத்தனை நாள் வெற்றிமாலை சூட்டப்படாதிருந்த தம் வருத்தம் தீர்ந்ததென்று எழுதினார். அவ்வாண்டு நவம்பர் 23-ஆம் நாள் ஏறத்தாழ 500 பேர் கல்கத்தாவிலிருந்து தனி ரயிலில் சாந்திநிகேதனம் சென்று கவிஞரைப் பாராட்டினர். கூட்டத்தின் தலைவர் போஸ். நேற்றுவரை இகழ்ந்தவர்களும் அன்று புகழ வந்திருந்தமை தாகூரைப் புண்படுத்தியது. அவர் மறுமொழி கடுமையாக அமைந்து வந்தவர்கள் மனம் வாடினர். அக்கூட்டத்தில் பரிசுக்கு முன்பும் கவிஞரை அறிந்து மதித்தவர்களுள் முதல்வர், தலைமை இருக்கையில் அமர்ந்திருந்தவரே.

1917 நவம்பர் 30-ஆம் நாள் போஸ் ஆராய்ச்சி நிலையம் திறக்கப்பட்டபொழுது அதற்கெனத் தாகூர் பாடல் இயற்றித் தந்தார். அதன்பின் இருவரும் தத்தம் நிலையங்களை நடத்துவதில் ஆழ்ந்தனர். பழைய நெருக்கம் குறைந்தது. பகையன்று, மனத்தாங்கல் என்றுகூடச் சொல்வதற்கில்லை. பெரும்பணி மேற்கொண்டவர்களுக்கு ஆற்றுமணலில் கிடக்க ஓய்வேது? ஆயினும் 1931-இல் கவிஞரின் 70-ஆம் ஆண்டு நிறைவுக்கென வெளிவந்த பாராட்டு மலருக்கு முன்னின்றவர்களுள் காந்தியடிகள், ஐன்ஸ்டீன் முதலியோருடன் போஸும் இருந்தார்.

நண்பருக்குப்பின் தாகூர் நான்காண்டுகூட வாழவில்லை. 1941 ஆகஸ்டு 7-ஆம் நாள் மறைந்தார். அவர் போஸ் தம்பதியருக்கு எழுதிய கடிதங்கள் பின்னர் வங்கமொழியில் நூலாக வெளிவந்தன. வங்கத்தில் குடியேறி அம்மொழி கற்றுக்கொண்ட நம்மவர் அவற்றைப் படிக்கலாம். கவிதையைக் காட்டிலும் விடுமுறையும் பணமும் கதைகளும் உடல்நலமுமே அவற்றில் மிகுதியாகப் பேசப்படுகின்றன.