மயக்கம் தெளிஞ்சிடுச்சா?

தாம்பரம் ஜி.எஸ்.டி. சாலையில் எந்த ஆஸ்பத்திரியின் ஆபரேஷன் தியேட்டர் வாசலில் உட்கார்ந்தாலும் காதில் விழும் கேள்வி: “மயக்கம் தெளிஞ்சிடுச்சா?” அந்த இரண்டு சொற்களுக்குள் ஒரு நீண்ட கதை இருக்கிறது.

1846 அக்டோபரில் பாஸ்டனில் ஈதர் கொடுத்து அறுவை செய்து காட்டினார்கள். அடுத்த மாதமே ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் அந்த நிலைக்கு ‘அனஸ்தீசியா’ என்று பெயர் சொன்னார். கிரேக்கத்தில் அதற்கு உணர்வின்மை என்று பொருள். தமிழ் அதை அப்படியே பெயர்க்காமல், கையிலிருந்த பழைய சொல்லை எடுத்துக்கொண்டது.

மயங்குதல் என்றால் முதலில் கலத்தல். இலக்கணத்தில் மெய்யெழுத்துகள் அடுத்தடுத்துச் சேர்வது மெய்ம்மயக்கம். ‘தாம்பரம்’ என்பதில் மகரமும் பகரமும் சேர்ந்திருப்பது வேற்றுநிலை மெய்ம்மயக்கம். ‘மயக்கம்’ என்பதிலேயே உடனிலை மயக்கம் இருக்கிறது. கலந்தது குழம்பும், குழம்பிய அறிவு நினைவிழக்கும். பொருள் இப்படி நகர்ந்திருக்கிறது. எதிர்ச்சொல் தெளிதல். கலங்கிய குளத்து நீரும் தெளியும், நோயாளியும் தெளிவார்.

மூளைக்கட்டி அறுவையில் ‘மயக்கம்’ என்ற சொல்லின் எல்லை தெரிந்துவிடுகிறது. பால் போல் வெளுத்த புரோபோஃபால் என்ற மயக்க மருந்து ரத்தக்குழாய் வழியாக ஏறி, மூளையின் ரத்த ஓட்டத்தையும் மண்டைக்குள் அழுத்தத்தையும் குறைக்கும். மூச்சோடு போகும் செவோஃப்ளூரேன், அளவு கூடினால் மூளையின் ரத்தக்குழாய்களை விரிக்கும். இரண்டும் தூங்க வைக்கும். விழித்த பின் வரும் வலிக்கு இரண்டும் மருந்தல்ல. வலிக்கு ஃபென்டனில் உண்டு. அது மிஞ்சினால் தூக்கம் கவியும், மூச்சு மந்தமாகும்.

இங்கேதான் இன்னொரு நாட்டுச்சொல் உதவிக்கு வருகிறது: மரத்துப்போதல். மூளைத் திசுவுக்கு வலி தெரியாது. தலைத்தோலுக்கும் மூளையைப் போர்த்திய சவ்வுக்கும் தெரியும். தலைத்தோல் நரம்புகளைச் சுற்றி பியூபிவகைன் ஊசி போட்டால் இடம் மரக்கும், அறிவு மயங்காது. அறுவைக்குப் பின்னும் சில மணி நேரம் வலி அடங்கியிருக்கும். பேச்சு மையத்தை ஒட்டிய கட்டியென்றால் நோயாளியை விழிக்கவைத்து, பேசவிட்டுக்கொண்டே எடுப்பதும் உண்டு. கிரேக்கம் ஒரே சொல்லில் அடக்கியதைத் தமிழ்ப் பேச்சு மயக்கம், மரப்பு என்று பிரித்தே வைத்திருக்கிறது.

அறுவை முடிந்ததும் டாக்டர் குனிந்து, “பேரு சொல்லுங்க, கையைத் தூக்குங்க” என்கிறார். உள்ளே ரத்தம் கசிகிறதா, வீக்கம் கூடுகிறதா என்பதற்கு முதல் தடயம் அந்தப் பதில்தான். அதனால் சீக்கிரம் விலகும் மருந்துக்கே இங்கே மதிப்பு. வாசலில் காத்திருப்பவர் கேட்டதும் டாக்டர் தேடுவதும் ஒன்றே: தெளிவு.