தடநாள் டயர்

தடநாள் டயர் என்பது, அன்றாடம் சாலையில் ஓடும் விளையாட்டுத் தானுந்து ஒன்றை அவ்வப்போது பந்தயத்தடத்திலும் ஓட்டுவதற்காகத் தேர்ந்து பொருத்தப்படும் டயர் ஆகும். கட்டணம் செலுத்தும் எவரும் தம் சொந்த வண்டியைப் போட்டியின்றி, நேரக்கணக்கின்றிப் பந்தயத்தடத்தில் வேகமாக ஓட்ட இடமளிக்கப்படும் நாள் தடநாள் எனப்படுகிறது. ஆங்கில வழக்கில் இது டிராக் டே என வழங்கும். பிரித்தானியா, செருமனி, ஐக்கிய அமெரிக்கா ஆகிய நாடுகளில் இவ்வழக்கம் பரவலாக உள்ளது. இருங்காட்டுக்கோட்டையிலுள்ள சென்னைப் பந்தயத்தடம், கோயம்புத்தூரின் கரி பந்தயத்தடம் ஆகியவற்றிலும் இத்தகைய நாட்கள் நடத்தப்பட்டுள்ளன.

இவ்வாறு வருவோரில் பலர் வீட்டிலிருந்தே வண்டியை ஓட்டி வந்து, பகல் முழுவதும் தடத்தில் ஓட்டிவிட்டு, அதே டயர்களில் வீடு திரும்புகின்றனர். தடத்திற்கு வேண்டிய பண்புகளும் சாலைக்கு வேண்டிய பண்புகளும் பெரும்பாலும் ஒன்றுக்கொன்று முரணானவை. எனவே எந்த டயர் வேகமானது என்பதை விட, வீடு திரும்பும் வழியில் எதை இழக்கலாம், எதை இழக்கக்கூடாது என்பதே இத்தேர்வில் முதன்மையான வினா ஆகும்.

பிடிமானமும் வெப்பமும்

டயரின் இரப்பர் முழுமையான மீள்பொருள் அன்று. அது ஓரளவு பாகுத்தன்மையும் கொண்டது. சாலையின் நுண்ணிய மேடுபள்ளங்களில் அழுந்தி உருமாறுவதாலும், பரப்புடன் மூலக்கூறு அளவில் ஒட்டிக்கொள்வதாலும் பிடிமானம் உண்டாகிறது. இவை இரண்டும் வெப்பநிலையைச் சார்ந்தவை. குளிர்ந்த இரப்பர் விறைத்துப் பிடிமானம் குன்றும். அளவுக்கு மீறிச் சூடான இரப்பர் வழவழத்துப் போகும். எண்ணெய் தடவிய தரையில் ஓடுவது போல வண்டி நழுவத் தொடங்குவதாக ஓட்டுநர்கள் இதைக் குறிப்பர்.

சாலை டயரின் இரப்பர், குளிர்ந்த காலையில் முதல் திருப்பத்திலேயே பிடிக்கும்படி கலக்கப்பட்டது. தடத்திலோ வண்டி ஒவ்வொரு வளைவிலும் பிரேக்கிலும் டயரை வதைக்கிறது. இருபது நிமிடங்கள் இடைவிடாது நிகழும் இவ்வதையைச் சாலையில் எவரும் தருவதில்லை. எனவே சாலை டயர் சில சுற்றுகளிலேயே அதற்குரிய வெப்பநிலையைக் கடந்துவிடுகிறது. தடத்திற்கென ஆக்கப்பட்ட இரப்பரோ அந்த வெப்பத்தில்தான் விழித்துக்கொள்கிறது.

வரிப்பள்ளங்களின் ஆழமும் இதில் பங்கு கொள்கிறது. புதிய சாலை டயரின் பள்ளங்கள் ஏறத்தாழ 8 மி.மீ. ஆழமுடையவை. உயரமான இரப்பர்க் கட்டைகள் வளைவுகளில் பக்கவாட்டில் வளைந்தாடுவதால் உள்ளே வெப்பம் பெருகி, சில நேரங்களில் துண்டு துண்டாகப் பெயர்ந்தும் விடுகின்றன. இதைத் தவிர்க்க, புத்தம்புதிய டயரின் மேற்பரப்பை எந்திரத்தில் சீவிக் குறைத்துப் பொருத்தும் வழக்கம் ஐக்கிய அமெரிக்காவில் உண்டு. பணம் கொடுத்து வாங்கிய இரப்பரைச் சீவி எறிவது விந்தையாகத் தோன்றினும், தடத்தில் அந்த டயர் கூடுதல் காலம் உழைப்பதுண்டு.

வகைகள்

சாலையில் ஓடும் விளையாட்டுத் தானுந்துக்குப் பொருந்தும் டயர்களை மென்மையின் ஏறுவரிசையில் மூன்று படிகளாகக் கொள்ளலாம். முதற்படியில் மிச்செலின் பைலட் ஸ்போர்ட் 4எஸ் போன்ற கோடைக்காலச் செயல்திறன் டயர்கள் உள்ளன. இவை மழையில் நம்பகமானவை, ஓசை குறைந்தவை. தடத்தில் நெடுநேரம் விரட்டினால் சூடேறித் தளர்ந்துவிடும். ஓரங்கள் விரைந்து தேயும்.

இரண்டாம் படியில் இருப்பவை மிகைச் செயல்திறன் கோடை டயர்கள் எனப்படுகின்றன. பிரிட்ஜ்ஸ்டோன் பொட்டென்சா ஆர்இ-71ஆர்எஸ், யோகோகாமா அட்வான் ஏ052, ஃபால்கன் அசெனிஸ் ஆர்டி660, ஹான்கூக் வென்டஸ் ஆர்எஸ்4 ஆகியன இவ்வகையின. சாலையில் ஓட்டிச்சென்று, தடத்தில் நாளைக் கழித்து, மீண்டும் ஓட்டி வருவோர் மிகுதியாக நாடுவது இப்படியையே.

மூன்றாம் படி, பந்தய இரப்பருக்கு மிக நெருங்கிய அரைமொட்டை டயர்கள் ஆகும். டோயோ புராக்சஸ் ஆர்888ஆர், நான்காங் ஏஆர்-1, பிரெல்லி பி சீரோ டிரோஃபியோ ஆர் போன்ற இவை சாலையில் ஓட்ட ஒப்புதல் பெற்றவையே. ஆயினும் சில பள்ளங்களே கொண்டவை. புதிதாக இருக்கும்போதே ஆழம் ஏறத்தாழ 5 மி.மீ. மட்டுமே. நெடுஞ்சாலையில் இரைச்சல் மிகும். சூடான ஒட்டும் இரப்பர் சாலையிலுள்ள சரளைக் கற்களைப் பொறுக்கி மட்காப்பின் உட்புறத்தில் வீசிக்கொண்டே வரும். பள்ளமே இல்லாத முழுமொட்டைப் பந்தய டயர்கள் சாலையில் ஓட்டத் தகுதியற்றவை என்பதால் அவை இங்கு சேரா.

முதன்முறை தடத்திற்குச் செல்பவர் மூன்றாம் படி டயரை வாங்குவது பொதுவாக அறிவுறுத்தப்படுவதில்லை. சாதாரணக் கோடை டயர் தன் எல்லையை நெருங்கும்போது கிறீச்சிட்டு அறிவிக்கும். பிடிமானம் படிப்படியாகக் குறையும். அரைமொட்டை டயரின் எல்லை உயரத்தில் உள்ளது. ஆனால் பல டயர்களில் அதைத் தாண்டிய பின் சரிவு செங்குத்தானது, முன்னறிவிப்பும் குறைவு. ஓட்டுநரின் பிழையை மென்மையான இரப்பர் மறைத்து வைத்திருந்து, கூடுதல் வேகத்தில் ஒருநாள் வெளிப்படுத்தும். ஏற்கெனவே வண்டியில் உள்ள நல்ல கோடை டயர்களே முதற்சில நாட்களுக்குப் போதுமானவை.

தேய்மான எண்

கடையில் டயரைத் தேர்வோர் முதலில் நோக்குவது பக்கச்சுவரில் பொறிக்கப்பட்டுள்ள தேய்மான எண்ணையே. ஐக்கிய அமெரிக்க அரசின் தர ஒழுங்கின்படி இடப்படும் இவ்வெண், டெக்சாசு மாநிலத்தில் 400 மைல் நீளமுள்ள சாலைச் சுற்றொன்றில் மொத்தம் 7,200 மைல், அதாவது ஏறத்தாழ 11,600 கி.மீ., ஓட்டி அளக்கப்படும் தேய்மானத்திலிருந்து பெறப்படுகிறது. 100 என்பது ஒப்பீட்டு டயரின் அளவு. 200 எனில் அதைவிட இருமடங்கு உழைக்கும் என்பது பொருள்.

பைலட் ஸ்போர்ட் 4எஸ் 300 எனவும், இரண்டாம் படி டயர்கள் பெரும்பாலும் 200 எனவும், ஆர்888ஆர் 100 எனவும், ஏஆர்-1 80 எனவும், டிரோஃபியோ ஆர் 60 எனவும் குறியிடப்பட்டன. இந்த ஒழுங்கு தெளிவானதாகத் தோன்றினும் இரு குறைகள் உடையது. முதலாவது, எண்ணை வழங்குவது அரசு அன்று. தயாரிப்பாளரே சோதித்துத் தம் டயருக்கு எண் சூட்டுகின்றனர். இரண்டாவது, அமெரிக்க விளையாட்டுத் தானுந்துக் கழகத்தின் சாலைவகைப் போட்டிகளில் 200-க்குக் குறைந்த எண்ணுடைய டயருக்கு இடமில்லை. விளைவாக 200 என்ற எண் அளவீடாக இருப்பதை விட்டு நுழைவுச்சீட்டாக மாறிற்று. அட்வான் ஏ052, வென்டஸ் ஆர்எஸ்4 இரண்டும் 200 குறியுடையவை. ஆயின் முன்னது ஒரு சுற்றில் விரைவானது, விரைந்து தேய்வது. பின்னது மெதுவானது, நெடுநேர ஓட்டத்தைத் தாங்குவது. ஒரே எண்ணைக் கண்டு இவ்விரண்டையும் நிகரெனக் கொள்வோர் ஏமாற்றமடைவர். ஒரே தயாரிப்பாளரின் டயர்களுக்கு இடையில் ஒப்பிடவே இவ்வெண் ஓரளவு பயன்படும்.

மழையும் குளிரும்

சக்கரத்தின் முன்னுள்ள நீரைப் பள்ளங்கள் வெளியேற்ற இயலாதபோது டயர் நீர்ப்படலத்தின் மீது மிதக்கிறது. திருப்பியும் பிரேக்கும் அப்போது பயனற்றுப் போகின்றன. பள்ளம் ஆழம் குறையக் குறைய இது நிகழும் வேகமும் குறைகிறது. பிரித்தானியச் சட்டம், மிதிபரப்பின் நடு முக்கால் பகுதியில் சுற்றளவு முழுவதும் குறைந்தது 1.6 மி.மீ. ஆழம் இருக்கவேண்டும் என்கிறது. 5 மி.மீ.-இல் தொடங்கும் அரைமொட்டை டயர் ஒருநாள் தட ஓட்டத்திற்குப் பின் அந்த எல்லையை வெகுவாக நெருங்கிவிடக்கூடும். காலையில் சட்டப்படி வந்த வண்டி மாலையில் சட்டத்திற்குப் புறம்பாகத் திரும்புவதும் நிகழக்கூடியதே.

செருமனியின் ஐஃபல் மலைப்பகுதியிலுள்ள நூர்பர்க்ரிங் வடக்குத் தடம் இச்சிக்கலுக்கு நல்ல எடுத்துக்காட்டு. 1927-இல் திறக்கப்பட்ட இத்தடத்தின் இன்றைய நீளம் 20.8 கி.மீ. பொதுமக்கள் ஓட்டும் நேரங்களில் இது ஒருவழிச் சுங்கச்சாலையாகவே கருதப்படுகிறது; செருமானியச் சாலை விதிகள் பொருந்தும்; சாலைக்கு ஒப்புதல் பெற்ற டயர்களே ஏற்கப்படும். தடத்தின் உயர வேறுபாடு ஏறத்தாழ 300 மீட்டர். ஒரு முனையில் வெயில் அடிக்கும்போது மறுமுனையில் மழை பெய்வது அங்கு வழமை. உலர்ந்த பகுதியில் நம்பிக்கையூட்டிய அரைமொட்டை டயர் அடுத்த சில கிலோமீட்டரில் நனைந்த வளைவை எதிர்கொள்ளும். பந்தய அணியினரைப் போல நிறுத்தி டயர் மாற்ற அங்கு வழியில்லை.

காற்றின் வெப்பநிலை ஏறத்தாழ 7 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கும்போது கோடை டயர்களின் பிடிமானம் வெகுவாகக் குறைகிறது. உறைநிலைக்குக் கீழே, மென்மையான தட இரப்பரை உருட்டினாலோ வளைத்தாலோ வெடிப்பு விழக்கூடும் எனத் தயாரிப்பாளர்கள் எச்சரிக்கின்றனர். தமிழகத்துச் சமவெளியில் இவ்விடர் இல்லை. மழை இடர் எங்கும் உண்டு.

டயரின் வயது

பள்ளம் மீந்திருப்பதால் மட்டும் டயர் நல்லதாகிவிடாது. ஒவ்வொரு முறை சூடேறி ஆறும்போதும் இரப்பர் சிறிது கடினமாகிறது. ஓடாமல் நின்றாலும் காலப்போக்கில் உயிர்வளியேற்றத்தால் முதுமையடைகிறது. 2000-ஆம் ஆண்டு முதல் பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கங்கள் உற்பத்தி வாரத்தையும் ஆண்டையும் காட்டுகின்றன. 2319 எனில் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம்.

நடிகர் பால் வாக்கர் பயணியாகச் சென்று 2013 நவம்பர் 30 அன்று கலிபோர்னியாவில் உயிரிழந்த விபத்தில், போர்ஷே கரேரா ஜிடி வண்டியின் டயர்கள் ஒன்பது ஆண்டுகள் பழமையானவை எனக் காவல்துறை விசாரணை கண்டறிந்தது. மணிக்கு 72 கி.மீ. எல்லையுள்ள சாலையில் ஏறத்தாழ 128 முதல் 150 கி.மீ. வரையான வேகமே விபத்தின் காரணம் என அவ்வறிக்கை கூறியது. டயர்களின் முதுமை வண்டியின் கட்டுப்பாட்டைப் பாதித்திருக்கக்கூடும் எனவும் குறிப்பிட்டது. குறைவாக ஓட்டப்படும் விலையுயர்ந்த வண்டிகளிலேயே இத்தகைய பழைய டயர்கள் மிகுதியும் காணப்படுகின்றன. அவை பார்வைக்குப் புதியனவாகவே இருக்கும்.

வண்டியின் பிற பாகங்கள்

மென்மையான டயர் பொருத்துவதால் வண்டியின் மற்ற பாகங்களின் சுமையும் கூடுகிறது. வேகமான வளைவுகளில் எஞ்சின் எண்ணெய் ஒருபுறம் ஒதுங்கி, உறிஞ்சுகுழாய்க்கு எட்டாமல் போகக்கூடும். பிரேக்குகள் முன்னினும் சூடாகும்; பழைய பிரேக் எண்ணெய் கொதித்தால் மிதி தரையைத் தொடும். எனவே டயருக்கு முன் பிரேக் எண்ணெயையும் பிரேக் கட்டைகளையும் மாற்றுவது அறிவுடைமை. சாலைக்கென அமைத்த சக்கரச் சாய்வு தடத்திற்குப் போதாமல், முன் டயர்களின் வெளியோரம் மட்டும் அழிந்துபோவதும் பொதுவான இழப்பு. அனைத்துச் சக்கர இயக்க வண்டிகளில் முன், பின் டயர்களின் சுற்றளவு விகிதம் மாறினால் இயக்கப்பெட்டி பழுதாகலாம்.

வசதியுள்ளோர் தட டயர்களைத் தனி ரிம்களில் பூட்டி, சிறு இழுவண்டியில் எடுத்துச் சென்று அங்கேயே மாற்றுகின்றனர். செலவு கூடினாலும், மழையில் வீடு திரும்பும் சிக்கலுக்கு இதைவிட நல்ல தீர்வு இல்லை.

காற்றழுத்தம்

எந்த டயரைத் தேர்ந்தாலும் அதன் பயன் காற்றழுத்தத்தைப் பொறுத்தது. 20 பாகை வெப்பநிலையில் 30 பி.எஸ்.ஐ. அளவுக்குக் காற்றடைத்த டயர், தடத்தில் 70 பாகையை எட்டும்போது, வளிம விதிப்படி ஏறத்தாழ 37.5 பி.எஸ்.ஐ. ஆகிவிடும். அப்போது டயர் நடுவில் புடைத்துத் தரைபடும் பரப்பு குறையும். எனவே ஒவ்வொரு ஓட்டத்திற்குப் பின்னும் சூடாக இருக்கும்போதே அழுத்தத்தை அளந்து காற்றைக் குறைப்பது வழக்கம். பக்கச்சுவரின் விளிம்பில் சுண்ணக்கட்டியால் கோடு கிழித்து, டயர் எதுவரை புரள்கிறது என்பதைக் காணும் எளிய முறையும் உண்டு.

இவ்வாறு சூட்டில் 32 பி.எஸ்.ஐ. எனக் குறைக்கப்பட்ட அதே டயர், மாலையில் 20 பாகைக்கு ஆறும்போது ஏறத்தாழ 25 பி.எஸ்.ஐ. மட்டுமே கொண்டிருக்கும். அந்நிலையில் நெடுஞ்சாலையில் விரைந்தால் பக்கச்சுவர் மிகையாக வளைந்து உள்ளேயே வெந்து கிழியும் ஆபத்து உண்டு. தடநாளுக்குச் செல்வோர் அழுத்தமானியுடன் காற்றடிக்கும் கருவியையும் எடுத்துச் செல்வதும், புறப்படுமுன் வண்டிக் கையேட்டில் குறித்த அளவுக்குக் காற்றை நிரப்புவதும் இதனாலேயே.