கடலடியில் மறைந்த அரண்

அரணை வகுத்த பண்டை நூலோர் நீரரணையும் அதன் வகைகளுள் ஒன்றாக எண்ணினர். அவர் கருதிய நீர், கோட்டையைச் சூழ்ந்து நிற்பது. பகைவர் கண்ணுக்குக் கோட்டை தெரிந்தே இருக்கும். 1960ஆம் ஆண்டில் தோன்றிய நீரரணோ வேறு வகையினது. அங்கே கோட்டையே நீருள் மறைந்து இடம்பெயரலாயிற்று.

1957 ஒக்டோபரிற் சோவியத் நாடு செயற்கைத் துணைக்கோளை ஏவியபோது அமெரிக்கருக்கு உண்டான கலக்கம் விண்வெளி பற்றியது மட்டுமன்று. அதனைச் சுமந்து சென்ற ஏவுகணை அணுகுண்டையும் சுமக்கவல்லது. அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் நின்ற தளங்களோ மறைக்க முடியாதவை; முதலடியிலேயே அவை அழியக்கூடும். அழியுமெனின், முந்தித் தாக்குவதே அறிவென எண்ணத் தோன்றும். அச்சத்தாற் போரைத் தடுக்க வந்த படைக்கலம் அவ்வச்சத்தாலேயே போரை விரைவுபடுத்தும் நிலை இது.

முன்னரே தொடங்கப்பட்டிருந்த பொலாரிஸ் திட்டம் இதனால் விரைவு பெற்றது. 1955இல் அணுவிசையால் ஓடத் தொடங்கிய நோட்டிலஸ், நீர்மூழ்கிக் கப்பல் காற்றை நாடி அடிக்கடி மேலெழ வேண்டியதில்லை எனக் காட்டியிருந்தது. திரவ எரிபொருள் நிரம்பிய பெருங்கணையைக் கப்பலுள் வைத்திருத்தல் ஆபத்தானது. திண்ம எரிபொருள் அத்தடையை நீக்கிற்று. கட்டப்பட்டுக்கொண்டிருந்த நீர்மூழ்கியொன்றின் இடையே 130 அடி நீளப் பகுதியைப் புகுத்தி, 16 ஏவுகுழாய்களை அமைத்தனர். இதுவே 'ஜோர்ஜ் வாஷிங்டன்'. 1960 யூலை 20ஆம் நாள் அது நீருள் இருந்தவாறே இரு கணைகளை ஏவியது. நவம்பர் 15ஆம் நாள் முதற் காவற் பயணம் புறப்பட்டது. மாறி மாறிச் செல்ல மாலுமிக் குழுக்கள் இரண்டு இருந்தன. கப்பலுக்கு ஓய்வு குறைவு.

கடற்படைத் தலைவர் ஆர்லி பேர்க் இதன் பயனைத் தெளிவாக உணர்ந்திருந்தார்: பதிலடி அழியாதெனின் அவசரம் வேண்டா, ஆராய்ந்து முடிவு செய்யலாம். இது மெய்யே. ஆயினும் அதன் விலையையும் நோக்குதல் வேண்டும். கடலடியிலிருந்து எய்யும் கப்பல் தான் நிற்கும் இடத்தை முதலிற் சரியாக அறிதல் வேண்டும். அதிற் சிறு பிழையும் இலக்கிற் பெரும் பிழையாகும். ஆதலால் முதற் பொலாரிஸ் கணைகள் பகைவரின் ஏவுதளங்களைக் குறிபார்த்து அழிக்கப் போதியனவல்ல. நகரங்களை அழிக்கவோ போதுமானவை. அரசியலாளர் பெற்ற நிதானத்துக்கு ஈடாக நின்றோர் நகர மாந்தரே.

மற்றொரு முரணும் உண்டு. கணையின் வீச்சு ஏறக்குறைய 1,200 கடல் மைல் மட்டுமே. கப்பல் சோவியத் நாட்டை அண்மிய கடல்களுக்குச் செல்ல வேண்டியிருந்தது. எனவே, மறைந்து திரிந்த அக்கோட்டைக்கும் யாவரும் காணும் துறையொன்று தேவையாயிற்று. 1961 மார்ச்சில் 'புரோட்டியஸ்' என்னும் பணிக்கப்பல் ஸ்கொட்லாந்தின் ஹோலி லொக் கடனீரேரியில் நங்கூரமிட்டது. அணுவாயுத எதிர்ப்பாளர் சிறு தோணிகளில் அதனை நெருங்கித் தம் மறுப்பைக் காட்டினர். பின்வந்த கணைகளின் வீச்சு நீண்டது, பனிப்போரும் முடிந்தது. 1992இல் அத்தளம் மூடப்பட்டது.