டிவி நிகழ்ச்சிக்கு ஐடியா இருக்கா? ஏஜென்ட்டைத் தேடும் முன் இதைப் படிங்க!

"சார், என்கிட்ட ஒரு கேம் ஷோ ஐடியா இருக்கு. எந்த டிவியில கொடுக்கணும்? ஏஜென்ட் யாராவது தெரியுமா?"

எங்கள் சமூக வலைதளப் பக்கங்களின் இன்பாக்ஸில் அடிக்கடி வந்து விழும் கேள்வி இது. நாங்கள் செய்தி சேனல். சீரியலோ கேம் ஷோவோ வாங்குவதில்லை. ஆனாலும் கேள்வி நியாயமானது. ஏனென்றால் இதே கேள்வியை வைத்துத்தான் "உங்கள் கதையை முன்னணி சேனலில் ஓகே பண்ணித் தருகிறோம், பதிவுக் கட்டணம் மட்டும் கட்டினால் போதும்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு கூட்டம் காசு பார்க்கிறது.

ஏஜென்ட் என்பவர் யார்?

இந்த வார்த்தை நமக்கு வந்தது ஹாலிவுட்டிலிருந்து. அங்கே பெரிய ஸ்டூடியோக்களும் சேனல்களும் முன்பின் தெரியாதவர்கள் அனுப்பும் கதையைப் பிரித்துக்கூடப் பார்க்காது. பின்னால் "என் கதையைத் திருடிட்டாங்க" என்று வழக்கு வரும் என்ற பயம்தான் காரணம். அதனால் எழுத்தாளருக்கும் சேனலுக்கும் நடுவில் ஏஜென்ட் நிற்கிறார். கதையை யாரிடம் காட்டுவது, எவ்வளவு கேட்பது, ஒப்பந்தத்தில் எந்த வரியை மாற்றச் சொல்வது என எல்லாம் அவர் வேலை. அவருடைய கமிஷன் வழக்கமாக 10 சதவீதம்.

இதில் கவனிக்க வேண்டியது, அந்த 10 சதவீதம் எழுத்தாளர் கைக்குப் பணம் வந்த பிறகுதான். கதை விற்கவில்லை என்றால் ஏஜென்ட்டுக்கும் ஒன்றும் கிடையாது. கலிபோர்னியாவில் ஏஜென்சி நடத்த அரசு உரிமம் வேண்டும். வாய்ப்பு வாங்கித் தருகிறேன் என்று கலைஞர்களிடம் முன்பணம் வாங்குவது அங்கே சட்டப்படி குற்றம்.

அப்படிப்பட்ட ஊரிலேயே பிரச்சினை வந்தது. ஏஜென்சிகள் தங்கள் எழுத்தாளர், நடிகர், இயக்குநர் எல்லோரையும் சேர்த்து ஒரே 'பேக்கேஜ்' ஆக விற்று, ஸ்டூடியோவிடமே தனியாகக் கட்டணம் வாங்கின. "எங்களுக்காகப் பேச வேண்டியவர் எதிர் தரப்பிடம் காசு வாங்கலாமா?" என்று கேட்ட அமெரிக்க எழுத்தாளர் சங்கம், 2019 ஏப்ரலில் உறுப்பினர்களை ஏஜென்ட்டுகளை விட்டு விலகச் சொன்னது. ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் விலகினார்கள். கடைசிப் பெரிய ஏஜென்சி இறங்கி வந்து கையெழுத்துப் போட 2021 ஆகிவிட்டது.

தமிழ் டிவியில் ஏஜென்ட் உண்டா?

நேராகச் சொன்னால், அப்படி ஒரு வழக்கமே இங்கே கிடையாது. நடிகர்களுக்கு மேனேஜர் உண்டு. மும்பையில் எழுத்தாளர்களுக்கென்று சில ஏஜென்சிகள் இருக்கின்றன. அவை புதியவர்களைவிட, ஏற்கெனவே பெயர் எடுத்தவர்கள் பக்கம்தான் அதிகம் சாய்கின்றன. சென்னையில் சீரியல், ரியாலிட்டி ஷோ உலகில் அந்த இடத்தை நிரப்புவது தயாரிப்பு நிறுவனங்கள்தான்.

ஏன் என்று புரிய, இங்கே நிகழ்ச்சி எப்படி உருவாகிறது என்று பார்க்க வேண்டும். ஒரு முறையில் தயாரிப்பாளர் சேனலிடம் நேரத்தை, அதாவது 'ஸ்லாட்'டை, கட்டணம் கொடுத்து எடுப்பார். விளம்பர நேரத்தை விற்று அவரே காசை மீட்க வேண்டும். சன் டிவி வளர்ந்த காலத்தில் சீரியல்கள் பெரும்பாலும் இப்படித்தான் ஓடின. இன்னொரு முறையில் சேனலே எபிசோடுக்கு இவ்வளவு என்று பணம் கொடுத்து எடுக்கச் சொல்லும். அப்போது நிகழ்ச்சியின் உரிமையும் பெரும்பாலும் சேனலிடம் போய்விடும். முதல் முறையில் ரிஸ்க் முழுக்க தயாரிப்பாளருடையது. இரண்டாவதிலும் தினமும் எபிசோடு எடுத்துக் கொடுக்கும் திறன் உள்ளவரைத்தான் சேனல் நம்பும். எப்படிப் பார்த்தாலும் தனி ஆளாக ஒரு பேப்பரோடு போகிறவருக்குக் கதவு திறப்பது கஷ்டம்.

இன்னொரு உண்மையும் இருக்கிறது. பெரிய ஷோக்கள் பல வெளிநாட்டு 'ஃபார்மேட்'கள். 2017-ல் விஜய் டிவியில் தொடங்கிய பிக் பாஸ், நெதர்லாந்தில் 1999-ல் வந்த பிக் பிரதரின் வாரிசு. சூர்யா நடத்திய 'நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி', 1998-ல் பிரிட்டனில் தொடங்கிய நிகழ்ச்சியின் தமிழ் வடிவம். ஏற்கெனவே ஒரு நாட்டில் ஹிட் ஆனதை உரிமம் வாங்கிச் செய்வது சேனலுக்குப் பாதுகாப்பு. அதேசமயம் 2019-ல் வந்த 'குக் வித் கோமாளி' இங்கேயே உருவானது. சமையல் தெரிந்தவரோடு தெரியாதவரைக் கோர்த்துவிடு, அவ்வளவுதான் ஐடியா. கேட்டால் சிரிப்பு வரும், ஆனால் அதை ரவுண்டு ரவுண்டாக நிகழ்ச்சியாக்கியதில்தான் விஷயமே இருக்கிறது.

அப்போ யாரைத்தான் பிடிக்கிறது?

உங்கள் ஐடியா போன்ற நிகழ்ச்சி எது என்று பாருங்கள். அதன் டைட்டிலில் ஓடும் பெயர்களைப் பாஸ் பண்ணிப் படியுங்கள். தயாரிப்பு நிறுவனம், கிரியேட்டிவ் ஹெட், திரைக்கதை, வசனம் எல்லாம் தனித்தனிப் பெயராக வரும். சீரியலில் கதை ஒருவர், திரைக்கதை இன்னொருவர், வசனம் மூன்றாமவர் என்பது சாதாரணம். உள்ளே நுழையும் வழியும் அதுதான். வசன உதவியாளராகவோ, ரியாலிட்டி ஷோவில் உதவி இயக்குநராகவோ சேர்ந்து, ஒரு வருடம் கழித்து தன் கதையைச் சொல்கிறவருக்குக் கிடைக்கும் கவனம், வெளியிலிருந்து மெயில் அனுப்புபவருக்குக் கிடைக்காது.

மெயில்தான் அனுப்பப் போகிறீர்கள் என்றால் முழு ஸ்கிரிப்ட் வேண்டாம். இரண்டு பக்கம் போதும். சீரியல் என்றால் கதை, முக்கிய பாத்திரங்கள், முதல் சில வாரங்கள் எப்படி நகரும், இருநூறு எபிசோடு தாண்டியும் இழுக்க என்ன இருக்கிறது. ஷோ என்றால் எத்தனை பேர், என்ன ரவுண்டு, யார் எப்படி வெளியேறுவார், ஒரு நாளில் எத்தனை எபிசோடு எடுக்க முடியும். இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் வைத்திருந்தால் தயாரிப்பாளர் நிமிர்ந்து உட்காருவார், செலவுக் கணக்கு அங்கேதான் இருக்கிறது.

ஐடியாவைத் திருடிட்டா?

எல்லோருக்கும் இருக்கும் பயம் இது. சட்டம் சொல்வது கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருக்கும். வெறும் ஐடியாவுக்குக் காப்புரிமை கிடையாது. தன் நாடகத்தைக் காப்பியடித்து 'நியூ டெல்லி' படத்தை எடுத்ததாக ஒருவர் போட்ட வழக்கில், 1978-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. கருப்பொருள் யாருக்கும் சொந்தமில்லை, அதை எழுதிய விதத்துக்கே பாதுகாப்பு. நாடகக்காரர் தோற்றார்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. பெண் தன் மாப்பிள்ளையை டிவியில் தேர்ந்தெடுக்கும் 'ஸ்வயம்வர்' என்ற ரியாலிட்டி ஷோவை விரிவாக எழுதி சோனியிடம் காட்டியவர், அதேபோன்ற ஷோவை அந்த சேனல் அறிவித்ததும் டெல்லி உயர் நீதிமன்றம் போனார். 2002-ல் அவருக்குத் தடை உத்தரவு கிடைத்தது. அடுத்த ஆண்டு பாம்பே உயர் நீதிமன்றத்தில் ஜீ டெலிபிலிம்ஸுக்கு எதிரான சீரியல் கதை வழக்கிலும் இதே நிலைதான். நம்பி, ரகசியமாகச் சொன்னதை எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதுதான் அடிப்படை. இரண்டு இடத்திலும் ஜெயிக்க வைத்தது, விரிவாக எழுதியதும் எப்போது யாரிடம் கொடுத்தோம் என்ற ஆதாரமும். வாயால் சொன்ன ஒன்லைனை வைத்து இப்படி ஜெயிப்பது ரொம்பவே கஷ்டம்.

ஆகவே நேரில் கதை சொன்னாலும், அன்று மாலையே "இன்று உங்களிடம் சொன்ன கதையின் சுருக்கம்" என்று ஒரு மெயில் தட்டிவிடுங்கள். தேதி தானாகப் பதிவாகும்.

மத்திய அரசின் காப்புரிமை அலுவலகத்தில் ஆன்லைனிலேயே ஸ்கிரிப்டைப் பதியலாம், இலக்கியப் படைப்புக்குக் கட்டணம் 500 ரூபாய். ஆட்சேபம் வருகிறதா என்று 30 நாள் காத்திருப்பார்கள். பதியாவிட்டாலும் எழுதியவருக்கே உரிமை, பதிவு என்பது சாட்சி. உறுப்பினராகி எழுத்தாளர் சங்கத்திலும் பதியலாம். 2018-ல் 'சர்கார்' பட சர்ச்சை நினைவிருக்கும். உதவி இயக்குநர் ஒருவர் 'செங்கோல்' என்ற பெயரில் 2007-லேயே தென்னிந்திய திரைப்பட எழுத்தாளர்கள் சங்கத்தில் கதையைப் பதிந்து வைத்திருந்தார். அந்தப் பதிவுதான் பேச்சுவார்த்தை மேஜைக்கு எதிர் தரப்பை வரவழைத்தது. சமரசமாகி, படத்தில் அவர் பெயர் வந்தது.

ஒப்பந்தம் கையில் வந்தால்?

ஏஜென்ட் இல்லாத ஊரில் இந்த இடத்தில்தான் அடி விழும். காப்புரிமைச் சட்டத்தின் 19-வது பிரிவை மட்டுமாவது தெரிந்துகொள்ளுங்கள். உரிமையை எழுத்தில்தான் மாற்றிக் கொடுக்க முடியும். எத்தனை வருடத்துக்கு என்று எழுதவில்லை என்றால் 5 வருடம்தான். எந்த நாட்டுக்கு என்று எழுதவில்லை என்றால் இந்தியாவுக்கு மட்டும்தான். வாங்கியவர் ஒரு வருடத்துக்குள் பயன்படுத்தவில்லை என்றால் உரிமை திரும்பிவிடும், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாத வரைக்கும். பெரும்பாலும் வேறு மாதிரிதான் எழுதியிருப்பார்கள். 10 சதவீதம் கொடுத்து ஏஜென்ட் வைக்க வழியில்லாவிட்டாலும், கையெழுத்துப் போடும் முன் ஒருமுறை வக்கீலிடம் காட்டும் செலவு பெரிதல்ல.

காசு கேட்டால்?

பதிவுக் கட்டணம், ஸ்கிரீனிங் கட்டணம், 'சேனல் அப்ரூவல்' கட்டணம் என எந்தப் பெயரில் கேட்டாலும் கொடுக்காதீர்கள். கதையை வாங்குகிறவர்தான் காசு கொடுக்க வேண்டும். சேனலின் பெயர், லோகோ எல்லாம் வைத்திருந்தாலும், அந்த சேனலின் அதிகாரபூர்வ எண்ணுக்கு நீங்களே போன் போட்டு விசாரியுங்கள். ஏற்கெனவே அனுப்பிவிட்டீர்கள் என்றால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். சாட் ஸ்கிரீன்ஷாட், பரிவர்த்தனை எண் இரண்டையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், மோசடி நபர் உங்களை பிளாக் செய்யும் முன்பே.