கரண்ட் பில் ஒருத்தருக்கு, கட்டடம் இன்னொருத்தருக்கு: செட்டிநாட்டு வளவிலிருந்து கிரீன் லீஸ் வரை

இந்த எபிசோடை காரைக்குடியில இருந்து பேசுறேன். மே மாசம், மதியம் மூணு மணி. எங்க சித்தப்பா பையன் இங்க ஒரு சின்ன டிசைன் ஆபீஸ் வச்சிருக்கான். வாடகைக் கட்டடம், இரண்டாவது மாடி, தலைக்கு மேல நேரா மொட்டை மாடி. காலையில ஒன்பதரைக்கு ஏசி போட்டா சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் ஓய்வே கிடையாது.

மொட்டை மாடிக்கு வெயிலைத் திருப்பி அனுப்புற வெள்ளை பெயின்ட் அடிச்சா சூடு குறையும்னு ஓனர்கிட்ட போய்க் கேட்டிருக்கான். ஓனர் நல்ல மனுஷன்தான். ஆனா அவர் சொன்னது: "தம்பி, கரண்ட் பில் கட்டுறது நீங்க. பெயின்ட் அடிச்சா மிச்சம் உங்களுக்கு. எனக்கு அதுல என்ன இருக்கு?"

சரி, நீயே அடிச்சுக்கோயேன்னு நான் சொன்னேன். "அக்ரிமென்ட் பதினோரு மாசம்தான் அண்ணே. அடுத்த வருஷம் இங்க இருப்பேனான்னே தெரியல. அவர் கட்டடத்துக்கு நான் எதுக்குச் செலவு பண்ணணும்?"

ரெண்டு பேர் சொல்றதும் நியாயம். ஆனா அந்த ரெண்டு நியாயத்துக்கும் நடுவுல மொட்டை மாடி கொதிச்சுக்கிட்டே இருக்கு. பொருளாதாரத்துல இதுக்கு 'ஸ்பிளிட் இன்சென்டிவ்'னு பேர். செலவு ஒருத்தர் கையில, லாபம் இன்னொருத்தர் பையில. உலகம் முழுக்க வாடகை ஆபீஸ், கடை எல்லாத்துலயும் இருக்கிற சிக்கல் இது. இதைத் தீர்க்க வந்த ஒப்பந்தத்துக்குப் பேர்தான் 'கிரீன் லீஸ்'. அந்தக் கதையை நான் நியூயார்க்கில் இருந்து ஆரம்பிக்கப் போறதில்லை. பக்கத்துல இருக்கிற கானாடுகாத்தானில் இருந்து ஆரம்பிக்கிறேன்.

கட்டினவரே குடியிருந்த காலம்

செட்டிநாட்டுப் பெரிய வீடுகளில் பெரும்பாலானவை 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் இருந்து 1940-கள் வரை கட்டப்பட்டவை. பர்மா, இலங்கை, மலாயாவில் நகரத்தார் சம்பாதித்த பணமும் பர்மா தேக்கும் இந்த வீடுகளுக்குள்ள இருக்கு. ஒரு தெருவில் முகப்பு. அங்கிருந்து வளவு, இரண்டாங்கட்டுன்னு போய் அடுத்த தெருவில் பின்வாசல். கதவுகள் எல்லாம் நேர்கோட்டில். திறந்து வச்சா காத்து இந்தப் பக்கம் நுழைஞ்சு அந்தப் பக்கம் போகும். நடுமுற்றம் வழியா சூடான காத்து மேல ஏறும். தடிமனான செங்கல் சுவர், மேல சுண்ணாம்புப் பூச்சு, உயரமான கூரை, காலுக்குக் கீழ குளிர்ச்சியான ஆத்தங்குடி ஓடு.

இதை எல்லாரும் 'முன்னோர்களின் அறிவு'ன்னு ரீல்ஸ்ல போடுறாங்க. அறிவு இருந்தது, மறுக்கல. ஆனா இன்னொரு காரணத்தை யாரும் பேசுறதில்லை. சுவரைத் தடிமனா கட்ட ஆன செலவும் அவங்களோடது. அதுக்குள்ள நூறு வருஷம் குளிர்ச்சியா இருக்கப் போறதும் அவங்க பிள்ளைங்கதான். செலவும் லாபமும் ஒரே குடும்பத்துல. அங்க ஸ்பிளிட் இன்சென்டிவுக்கு இடமே இல்லை.

அதைவிட சுவாரஸ்யம் அந்த வீட்டோட கணக்கு. நகரத்தாரில் கல்யாணம் ஆன ஒவ்வொரு ஜோடியும் ஒரு 'புள்ளி'. மகனுக்குக் கல்யாணமாகிக் கொஞ்ச காலத்தில் 'வேறு வைத்தல்'னு ஒரு வழக்கம். அதே வீடு, அதே வளவு; ஆனா அந்தப் புள்ளிக்குத் தனி அறை, தனி அடுப்பு, தனிச் செலவு. வீடும் விசேஷமும் பொது. அரிசி, பருப்பு தனி. எது பொது, எது தனின்னு முதல்லயே பிரிச்சு வச்சதால ஒரே கூரைக்குக் கீழ பல குடும்பம் வாழ முடிஞ்சது. இந்தப் பொதுக் கணக்கு, தனிக் கணக்கு விஷயத்தை மனசுல வச்சுக்கோங்க. திரும்ப வரும்.

1942-ல் ஜப்பான் பர்மாவைப் பிடிச்சதும் அந்தப் பண வரவு அறுந்து போச்சு. தலைமுறை மாற மாற ஒரே வீட்டுக்குப் பல பங்காளிகள். ஒருத்தர் சென்னையில, ஒருத்தர் சிங்கப்பூர்ல. கூரை ஒழுகினா யார் செலவு பண்றது? அங்க குடியிருக்கிறது ஒருத்தர், பங்கு எல்லாருக்கும். நூறு வருஷம் அந்த வீட்டுக்குள்ள நுழையாத அதே சிக்கல், வாடகையே இல்லாம, பங்கு வழியா உள்ள வந்துடுச்சு. சில வீடுகளைப் பிரிச்சு வித்தாங்க. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் நிக்கிற தூண், கதவு பலதுக்கும் பின்னாடி இப்படி ஒரு கதை இருக்கும்.

பதினோரு மாசக் கட்டடங்கள்

இன்னைக்கு ஊர் கடைகளும் ஆபீஸ்களும் பெரும்பாலும் காங்கிரீட் வாடகைக் கட்டடங்கள். அதுங்களை இப்படி ஆக்கினதுல ரெண்டு சட்டங்களுக்கும் பங்கு உண்டு.

ஒண்ணு, 1908 பதிவுச் சட்டம். ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்யணும். அந்தச் செலவைத் தவிர்க்கத்தான் 'பதினோரு மாசம்'ங்கிற வழக்கம் வந்தது. ரெண்டு, 1960-ல் வந்த தமிழ்நாடு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். வாடகைதாரரைக் காப்பாத்த வந்த நல்ல நோக்கம்தான், கடைகளுக்கும் பொருந்தும். ஆனா வாடகை ஏறாத கட்டடத்துக்குச் செலவு பண்ண எந்த ஓனருக்கு மனசு வரும்?

வெளிநாட்டிலும் இதே தலைவலிதான். ஆஸ்திரேலிய அரசு 2006-ல் ஒரு முடிவு எடுத்துச்சு. அரசு அலுவலகங்கள் 2,000 சதுர மீட்டருக்கு மேல வாடகைக்கு எடுத்தா, மின்சாரத் திறன் பற்றிய பொறுப்புகளை ஒப்பந்தத்திலேயே எழுதணும். அரசே பெரிய வாடகைதாரர், அதனால ஓனர்கள் கேட்டாங்க.

நியூயார்க்கில் 2011-ல் வந்ததுதான் எனக்குப் பிடிச்ச லாஜிக். வேர்ல்ட் டிரேட் சென்டரின் 7-ஆம் கட்டடத்தில் வில்மர்ஹேல்ங்கிற சட்ட நிறுவனம் வாடகைக்கு வந்தப்போ, ஒப்பந்தத்தில் ஒரு புது ஷரத்து எழுதினாங்க. மின்சாரத்தை மிச்சப்படுத்துற வேலைக்கு ஓனர் செலவு பண்ணட்டும். வருஷத்துக்கு எவ்வளவு மிச்சமாகும்னு ஒரு இன்ஜினியர் கணிக்கட்டும். அதில் 80 சதவீதம் வரை ஓனர் வாடகைதாரர்கிட்ட வருஷா வருஷம் வசூலிக்கலாம். மீதி 20 சதவீதம், கணிப்பு தப்பினா வாடகைதாரருக்கு அடிபடாம இருக்க ஒரு பஃபர்.

நம்ம மொட்டை மாடிக்கு ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். வேலைக்கு ஒரு லட்சம் ரூபாய், வருஷத்துக்கு 40,000 மிச்சம்னு வச்சுக்கோங்க. தம்பி ஓனருக்கு வருஷம் 32,000 கொடுக்கிறான், 8,000 அவன் பையில. மூணு வருஷம், இன்னும் ஒண்ணரை மாசத்தில் ஓனர் போட்ட காசு திரும்பிடும். அப்புறம் மிச்சம் முழுக்க பில் கட்டுறவருக்கு, கட்டடத்தோட மதிப்பு ஓனருக்கு.

இது புள்ளிக் கணக்குதானே? கூரை பொது, அடுப்பு தனி!

நம்ம ஊர்ல முடியுமா?

இந்தியாவில் 2007-ல் எரிசக்தி சேமிப்புக் கட்டட விதித்தொகுப்பு, அதாவது ஈசிபிசி, வந்தது. ஆனா அது 100 கிலோவாட் இணைப்புச் சுமை அளவுக்குப் பெரிய வணிகக் கட்டடங்களுக்கு. அதுன்னா கிட்டத்தட்ட அறுபது ஏசி ஒண்ணா ஓடுற கட்டடம். காரைக்குடி மாடி ஆபீஸ் அந்த வலையில் சிக்காது.

ஆனா இன்னொரு கதவு திறந்திருக்கு. 1960 சட்டத்துக்குப் பதிலா 2017-ல் இயற்றின தமிழ்நாட்டுப் புது வாடகைச் சட்டம், 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்தது. எழுத்துப்பூர்வ ஒப்பந்தமும் அதைப் பதிவு செய்றதும் அதுல கட்டாயம். கட்டடத்தை மேம்படுத்த, வேலை ஆரம்பிக்கும் முன்னாடியே ரெண்டு பேரும் எழுதி ஒத்துக்கிட்டா, முடிஞ்சதும் ஒத்துக்கிட்ட அளவுக்கு வாடகையை ஏத்தலாம்னும் அது சொல்லுது. 'கிரீன் லீஸ்'ங்கிற வார்த்தை அதுல இல்லை. அதை எழுத இடம் இருக்கு.

போன வாரம் தம்பியும் ஓனரும் உக்காந்து பேசினாங்க. நானும் கூட இருந்தேன். கணக்கைக் கேட்டுட்டு ஓனர் உடனே கேட்டது: "கணிச்ச அளவு மிச்சமாகலைன்னா, தம்பி எனக்குக் காசு தருவாரா?" நியூயார்க் வக்கீல்கள் மண்டையைப் பிச்சுக்கிட்ட அதே கேள்வி! தம்பி போன வருஷக் கரண்ட் பில்லை எல்லாம் எடுத்து மேசை மேல வச்சான். ஓனர் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ஒவ்வொண்ணா பார்த்தார். அந்தக் கட்டடத்துக்கு எவ்வளவு கரண்ட் ஆகுதுன்னு அவர் பார்க்கிறது அதுதான் முதல் தடவையாம். இன்னும் கையெழுத்து ஆகலை. மூணு வருஷ ஒப்பந்தம்னா யோசிக்கிறேன்னு சொல்லியிருக்கார்.

உங்களுக்கு இந்த வாரம் ஒரு வேலை. உங்க ஆபீஸ் வாடகை ஒப்பந்தத்தை எடுத்து, கரண்ட் பத்தி எத்தனை வரி இருக்குன்னு எண்ணிப் பாருங்க. 'பில்லை வாடகைதாரர் கட்ட வேண்டும்'னு ஒரே ஒரு வரி இருந்தா, உங்க தலைக்கு மேலயும் ஒரு மொட்டை மாடி கொதிக்குதுன்னு அர்த்தம். எனக்கு எழுதுங்க. அடுத்த எபிசோடில் பார்ப்போம்.