மலைக்கும் ஊருக்கும் இடையே ஒரு வழி: போடிநாயக்கனூர் மக்கள் போற்றும் செல்வம்

போடிநாயக்கனூர் என்ற பெயரைக் கேட்டதும் வெளியூராருக்கு முதலில் நினைவுக்கு வருவது ஏலக்காயின் மணம். உள்ளூராரைக் கேட்டால் மேற்கே நிற்கும் மலைத்தொடரையும், மாலையில் அங்கிருந்து இறங்கிவரும் காற்றையும், பரமசிவன் மலைக்கோயிலையும், மாந்தோப்புகளையும், இலவம் பஞ்சையும் சொல்வர். இவை யாவும் அவ்வூரின் பெருமைகளே. ஆயினும் ஓர் ஊரார் தம் ஊரில் எதனை உள்ளபடியே உயர்வாக மதிக்கின்றனர் என்பது அவர்கள் புகழ்ந்து பேசும்போது முழுமையாக விளங்குவதில்லை. எதனை இழந்தபோது மறக்க மறுத்தனர், எதனை ஆண்டுக்கணக்கில் திரும்பக் கேட்டனர் என்பதில்தான் அது வெளிப்படுகிறது. அந்த அளவுகோலால் நோக்கினால், போடி மக்களின் நெஞ்சுக்கு மிக நெருக்கமானது மலையோ மணமோ அன்று. மலையையும் ஊரையும் உலகையும் இணைக்கும் வழியே ஆகும்.

பள்ளத்தாக்கின் பழைய பாதை

தேனி மாவட்டத்தின் மேற்கு விளிம்பில், மூன்று புறமும் மலை சூழ அமைந்தது போடிநாயக்கனூர். வைகையின் துணையாறுகளுள் ஒன்றான கொட்டகுடி ஆறு இம்மலைகளிலிருந்து இறங்கி வருகிறது. ஊரைக் கடந்து மேற்கே செல்லும் நெடுஞ்சாலை 17 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிப் போடிமெட்டை அடைந்து, அங்கிருந்து மூணாறு வழியாகக் கொச்சிக்குச் செல்கிறது. தென்மேற்கே கம்பம்மெட்டு, குமுளி ஆகிய வழிகளும் இதே மலைத்தொடரைக் கடக்கின்றன.

பாண்டிய நாட்டையும் சேர நாட்டையும் இணைத்த மலைவழிகள் இந்நிலப்பரப்பின் ஊடேதான் சென்றன. ஆண்டிபட்டி வட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006-ஆம் ஆண்டு கண்டெடுக்கப்பட்ட தமிழி எழுத்து நடுகற்கள் கிறிஸ்து பிறப்பதற்கு முந்தைய காலத்தவை என ஆய்வாளர் கருதுவர். அவற்றுள் ஒன்று, ஆகோள் பூசலில் உயிர் நீத்த அந்தவன் என்பவனுக்காக எடுக்கப்பட்டது. ஆநிரையே செல்வமாக இருந்த காலத்தில் அதன்பொருட்டு மாண்டவனுக்கு ஊரார் கல் நட்டனர். தாம் மதித்ததற்கு அவர்கள் விட்டுச் சென்ற சான்று அது.

இதே மாவட்டத்தில், கம்பம் பள்ளத்தாக்கின் உத்தமபாளையத்தில், கருப்பணசாமி கோயிலை ஒட்டிய பாறையில் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. ஒன்பது, பத்தாம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த இவற்றின் கீழே வட்டெழுத்துக் கல்வெட்டுகள் உள்ளன. மதுரையைச் சுற்றிய சமணக் குன்றுகள் பலவற்றில் காணப்படும் அச்சணந்தி என்னும் முனிவரின் பெயர் இங்கும் காணப்படுகிறது. நடந்தே செல்லும் துறவியரும் சுமையுடன் செல்லும் வணிகரும் ஒரே பாதையைப் பகிர்ந்துகொண்ட காலத்தின் நினைவாக இப்பாறை நிற்கிறது. இப்பகுதியின் சிறப்பு அன்றும் வழியில்தான் இருந்தது.

ஏலம் விளையும் இடமும் விலைபோகும் இடமும்

தமிழில் நறுமணப் பொருளுக்கும் ஏலம் என்று பெயர்; போட்டியிட்டு விலை கேட்டு வாங்கும் முறைக்கும் ஏலம் என்று பெயர். முன்னது மிகப் பழைய சொல். பின்னது போர்ச்சுக்கீசியர் வழியாக வந்த சொல். வேறு வேறு வேர்களிலிருந்து வந்த இவ்விரு சொற்களும் நாள்தோறும் ஒன்றாக ஒலிக்கும் ஊர் போடிநாயக்கனூர்.

ஏலச்செடி மழையையும் நிழலையும் விரும்புவது. உயர்ந்த மரங்களின் கீழ், ஈரம் மாறாத காட்டு மண்ணில்தான் அது செழிக்கும். போடியோ மலையின் மழை மறைவில் உள்ள வறண்ட சமவெளி. ஆகவே ஊரின் பெயரோடு ஒட்டிய பயிர் ஊருக்குள் விளைவதில்லை. மலைக்கு மேலே, இன்றைய கேரளத்தின் இடுக்கி மாவட்டத்து ஏலமலையில்தான் பெரும்பாலும் விளைகிறது. போடி, கம்பம் பகுதிகளைச் சேர்ந்த குடும்பங்கள் பல தலைமுறைகளாக அங்கே தோட்டம் வைத்துள்ளன. பொழுது புலருமுன் ஜீப்புகளில் ஏறி மலைக்குச் சென்று, மாலையில் வீடு திரும்பும் தொழிலாளர் ஆயிரக்கணக்கானோர். அவர்களுள் பெரும்பாலோர் பெண்கள்.

காய் முற்றிப் பழுப்பதற்குச் சற்று முன்பே பறிக்கப்பட வேண்டும். ஒரே செடியில் காய்கள் ஒன்றன்பின் ஒன்றாக முதிர்வதால், ஒரு பருவத்தில் ஐந்தாறு முறை பறிப்பு நடைபெறும். பறித்த காயை உலர்கூடத்தில் இளஞ்சூட்டில் ஏறத்தாழ ஒரு நாள் முழுதும் காயவைப்பர். சூடு மிகுந்தால் பச்சை நிறம் போய்விடும். குறைந்தால் பூஞ்சை பிடிக்கும். ஏறத்தாழ ஐந்து கிலோ பச்சைக் காய் ஒரு கிலோ உலர்ந்த காயாகச் சுருங்கும். பின்னர் அது போடிக்கு இறங்கிவந்து, சல்லடைகளில் பருமன்வாரியாகப் பிரிக்கப்பட்டு, கிடங்குகளில் பெண்களின் கைகளால் தரம் பார்க்கப்பட்டு, மூட்டையாகிறது.

1965-ஆம் ஆண்டின் சட்டப்படி ஏலக்காய் வாரியம் தோன்றியது. 1987-இல் அது நறுமணப் பொருள் வாரியத்தில் இணைந்தது. அவ்வாரியத்தின் மேற்பார்வையில் போடியிலும் இடுக்கி மாவட்டத்துப் புற்றடியிலும் மின்னணு ஏலம் நடைபெறுகிறது. 2018-ஆம் ஆண்டின் பெருவெள்ளமும் அதையடுத்த வறட்சியும் விளைச்சலைக் குறைத்தபோது, 2019 ஆகஸ்டில் கிலோ ஒன்றுக்கு 7,000 ரூபாய் வரை விலை கேட்கப்பட்டது. அத்தகைய உச்சத்தைத் தொட்ட விலை பின்னர் சரிந்ததும் உண்டு. கடல் கடந்த குவாத்தமாலாவின் விளைச்சலும், காப்பியில் ஏலம் சேர்த்துப் பருகும் அரபு நாடுகளின் தேவையும் போடிக் கடைத்தெருவின் நாளைத் தீர்மானிக்கின்றன. மலைக்கு ஒரு வழியும் உலகுக்கு ஒரு வழியும் திறந்திருந்தால்தான் இவ்வூரில் அடுப்பெரியும்.

கயிற்றில் இறங்கிய தேயிலை

இவ்வழியை நம்பியிருந்தது ஏலக்காய் மட்டுமன்று. மூணாறுத் தேயிலைத் தோட்டங்களின் தொடக்கக் காலத்தில், அங்கிருந்து தேயிலை கடலை அடைவதற்கு வாய்ப்பான வழி கிழக்கு நோக்கியே இருந்தது. 1902-இல் மூணாற்றுக்கும் மலை விளிம்புக்கும் இடையே மாடுகள் இழுக்கும் ஒற்றைத் தண்டவாள வண்டி ஓடியது. 1908-இல் அது குறுகிய பாதை இரயிலாக மாற்றப்பட்டது. அது முடிவடைந்த உச்சியே இன்றும் டாப் ஸ்டேஷன் என்ற பெயரால் வழங்குகிறது. அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கும். கொட்டகுடியிலிருந்து வண்டிகளில் போடிக்கு வரும். பின்னர் தூத்துக்குடித் துறைமுகத்துக்குச் சென்று கப்பலேறும்.

1924-ஆம் ஆண்டு பெருமழையில், கொல்லம் ஆண்டு 1099-இல் நிகழ்ந்ததால் ‘தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்’ என்று கேரள மக்கள் இன்றும் நினைவுகூரும் அவ்வெள்ளத்தில், மலைமேல் ஓடிய இரயில் பாதை அழிந்தது. அது மீண்டும் அமைக்கப்படவேயில்லை. மலைமேல் ஒரு பாதை மறைந்த நான்கே ஆண்டுகளில், மலையடிவாரத்துக்கு மற்றொரு பாதை வந்து சேர்ந்தது.

இருமுறை போய் இருமுறை வந்த இரயில்

1928-ஆம் ஆண்டு மதுரையிலிருந்து உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி வழியாகப் போடிநாயக்கனூர் வரை ஏறத்தாழ 90 கிலோமீட்டர் நீளமுள்ள இரயில் பாதை திறக்கப்பட்டது. அப்பாதையின் கடைசி நிலையம் போடி. அதற்கு மேல் மலைதான். பதினான்கு ஆண்டுகளே அந்த வண்டி ஓடியது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், 1942-இல், பாதை மூடப்பட்டது. தொலைவில் நடந்த போருக்கு இவ்வூர் கொடுத்த விலை அது. 1953–54-இல்தான் அது மீட்டர் பாதையாக மீண்டும் உயிர் பெற்றது.

அதன்பின் அரை நூற்றாண்டுக்கு மேல் அவ்வண்டி ஓடியது. ஆண்டிபட்டிக் கணவாயில் மெல்ல ஏறி இறங்கும் அதன் வேகத்தைக் கேலி செய்யாதவர் இல்லை. அதில் ஏறாதவரும் இல்லை. மதுரையின் மருத்துவமனைக்கும் கல்லூரிக்கும் வழக்குமன்றத்துக்கும் குறைந்த கட்டணத்தில் சென்றுவர ஏழை எளியோருக்கு அதுவே துணை. 2010 டிசம்பர் இறுதியில், அகலப்பாதைப் பணிக்காக அந்த வண்டியும் நிறுத்தப்பட்டது.

சில ஆண்டுகளில் முடியும் என எதிர்பார்க்கப்பட்ட பணி நீண்டது. நிதி ஒதுக்கீடு சிறுகச் சிறுக வந்தது. கணவாயில் பாறையைக் குடைந்து அகலப்படுத்த வேண்டியிருந்தது. வணிகரும் பொதுமக்களும் மனுக் கொடுத்தனர், போராடினர், ஒவ்வொரு நிதிநிலை அறிக்கையிலும் தம் பாதையின் பெயரைத் தேடினர். இரயிலின் ஓசையையே கேட்டறியாமல் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் பள்ளிப் பருவத்தைக் கடந்தனர். 2022 மே 26-ஆம் நாள் வண்டி தேனி வரை வந்தது. எஞ்சிய 15 கிலோமீட்டரையும் கடந்து, 2023 ஜூன் 15-ஆம் நாள் போடிக்கு மீண்டும் இரயில் வந்தது. மதுரைக்கு நாள்தோறும் ஒரு வண்டியும், சென்னைக்கு வாரம் மும்முறை ஒரு வண்டியும் என அன்று தொடங்கிய சேவை, பன்னிரண்டரை ஆண்டுக் காத்திருப்புக்கு முடிவு கட்டியது.

இடைப்பட்ட காலத்தில் பேருந்துகள் இருந்தன. சாலையும் நன்றாகவே இருந்தது. மதுரைக்குப் போக முடியாமல் எவரும் தவித்ததில்லை. எனினும் ஊரார் கேட்பதை நிறுத்தவில்லை. குறைந்த கட்டணம் அதற்கு ஒரு காரணம். அதனினும் ஆழமான காரணம் ஒன்றுண்டு. சாலை போடியைக் கடந்து செல்கிறது. இரயிலோ போடிக்காகவே வருகிறது. வழியில் உள்ள ஊர் என்பதற்கும் வழி சென்று சேரும் ஊர் என்பதற்கும் உள்ள வேற்றுமையை அவ்வூரார் நன்கு உணர்ந்திருந்தனர்.

எல்லைக்கோட்டின் இருபுறமும்

மலைநோக்கிய வழிக்கும் சோதனைகள் வந்தன. 1956 நவம்பர் 1-ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, கன்னியாகுமரியும் செங்கோட்டையும் தமிழகத்தில் இணைந்தன. தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் கேரளத்தில் அமைந்தன. வீடு ஒரு மாநிலத்திலும் தோட்டம் மற்றொரு மாநிலத்திலும் என்றாயிற்று. ஆயினும் வாழ்க்கை அக்கோட்டை நாள்தோறும் இருமுறை கடந்துகொண்டே இருந்தது.

2011 டிசம்பரில் முல்லைப்பெரியாறு அணை குறித்த பதற்றம் மூண்டபோது எல்லைச் சாலைகள் அடைபட்டன. தோட்டத் தொழிலாளர் பலர் மலைப்பாதைகளில் நடந்தே ஊர் திரும்பினர். 2020-இல் கொரோனா நோய்த்தொற்றால் எல்லை மூடப்பட்டபோது, காய் பறிக்கும் கைகள் கீழேயும் காய்கள் மேலேயும் நின்றுவிட்டன. இவ்விரு நிகழ்வுகளிலும் துன்பம் ஒரு பக்கத்தாரோடு நிற்கவில்லை. தோட்டத்துக்கு ஆளில்லை, ஆளுக்குக் கூலியில்லை, கடைக்குச் சரக்கில்லை. ஒருவர் வாழ்வு மற்றவர் வாழ்வைத் தாங்கி நிற்பது என்பதை அறநூல் படித்து அறிந்தவர் உண்டு. போடி மக்கள் அதனை அடைபட்ட சாலையின்முன் நின்று அறிந்தனர். சாலை திறந்ததும் ஜீப்புகள் மீண்டும் மலையேறின. மேலே இருந்தவரும் அவற்றை எதிர்நோக்கியே இருந்தனர்.

வழியே வேர்

தமிழ்ச் சமணக் குடும்பங்களுக்கு இவ்வரலாறு அயலானதன்று. வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் வட்டாரச் சிற்றூர்களிலிருந்து கல்விக்கும் தொழிலுக்கும் நகரங்களுக்குச் சென்ற குடும்பங்கள் பல. ஆண்டுக்கொரு முறை ஜினாலயத் திருவிழாவுக்கு அவர்கள் திரும்புகையில், தாம் ஊரில் போற்றுவது இன்னதென்று அறிகின்றனர். மாறாத தெருவும் பழைய வீடும் இல்லாமற் போகலாம். திரும்பிவர ஒரு வழியும், வரவேற்க ஒருவரும் இருந்தால் ஊர் இருக்கிறது என்று பொருள்.

உத்தமபாளையத்துப் பாறையில் வீற்றிருக்கும் தீர்த்தங்கரர்களைச் செதுக்குவித்தோரின் வழித்தோன்றல்கள் அவ்வூரில் வாழ்வதாக இன்று எவரும் சொல்வதில்லை. ஆயிரம் ஆண்டுகளாக அவ்வுருவங்களின் அண்டையில் வாழ்ந்தவர்கள் வேறு தெய்வத்தை வழிபடும் மக்கள். அவர்கள் அப்பாறையை உடைக்கவுமில்லை. அதற்குச் செல்லும் பாதையை அடைக்கவுமில்லை. வடக்கேயிருந்து வரும் சமணக் குடும்பம் ஒன்று இன்றும் அங்கே சென்று வணங்க முடிகிறதென்றால், அது அவ்வூரார் காத்த வழியே ஆகும். போடியின் தொழிலாளியும் வணிகரும் இரயிலுக்காகக் காத்திருந்த முதியவரும் தம் ஊரில் எதனைப் போற்றினரோ, அதனையே அப்பாறையின் அண்டை வீட்டாரும் போற்றினர்.